மாம்பழக் கலர் புடவையும் முதுகு வலியும்

ஜூலை 7, திங்கள்

விடியறப்பவே சாரல், காத்து. ஸ்வெட்டர் ரெண்டும் ஈரம். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகல, லீவு. முதுகு வலிக்கு கோத்தகிரி ஆஸ்பத்திரி.

டவுனுக்குப் போறதுன்னா எங்க எஸ்டேட் லைன் வீடுகள்ல எல்லாரும் செய்யற மாதிரிதான். குளிச்சு, பவுடர் போட்டு, சர்ச்சுக்குக் கட்டுற மாம்பழக் கலர் புடவை. டாக்டர் நிமிர்ந்து ஒரே பார்வை. "உங்களப் பாத்தா வலி இருக்கற மாதிரியே தெரியலையேம்மா." அதே தைலம், அதே மாத்திரை. முதுகுல கை வெக்கல. மூட்டை தூக்காத வேலையா, நாத்து வளக்கற நர்சரிக்கு மாத்தச் சொல்லி எழுதித் தாங்கன்னு கேட்டேன். "அந்தளவுக்கு ஒண்ணுமில்ல."

அவர் எழுதாம எஸ்டேட்ல மாத்த மாட்டாங்க. மறுபடி சரிவுலதான், முதுகுல மூட்டையோட. மூணு வருஷமாப் பொய்யா சொல்லிட்டிருக்கேன்?

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி. மறந்தாச்சு.

ஜூலை 9, புதன்

மழை இல்ல. பனி மூட்டம். மேல் தேயிலைக் காட்டுல வேலை. மத்தியானம் ஒரு கல்லு மேல உக்காந்தேன். சூப்பர்வைசர் தம்பி: "ஏனுங்கக்கா, அதுக்குள்ள உக்காந்துட்டீங்க?" எந்திரிக்கறதுக்குள்ள உயிர் போயிருச்சு.

பக்கத்து ஊட்டு மேரியக்கா யோசனை: "அழுக்குப் புடவையக் கட்டு. தலைய வாராத. வாசல்லயே ஐயோ அம்மான்னு முனகிட்டுப் போ. நான் அப்படித்தான் எழுதி வாங்கினேன்." அக்காவுக்கு நெசமாவே முட்டி வலி. நெச வலிக்கும் நாடகம் போடணுமா? மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

சாயங்காலம் ரசம் மட்டும். முடியல.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி ஆஸ்பத்திரி. அதே மாம்பழக் கலர். வேணும்னே. வீட்டுக்காரர்: "ஏம்புள்ள, அக்கா சொன்னதக் கேட்டா என்ன?" உங்க வேலையப் பாருங்கன்னேன். சிரிச்சுட்டாரு.

டாக்டர்: "இப்ப எப்படி இருக்கு?" பரவாயில்லைங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பாழாப் போன பழக்கம். முழுங்கினேன்.

"அப்படியேதானுங்க இருக்கு. பாத்தா தெரியலைன்னீங்க. இந்தக் கொசுவத்த நான் வெக்கலீங்க. என்னால குனிய முடியாது. எங்க வீட்டுக்காரர் தரையில உக்காந்து வெச்சு விட்டாரு. ஆனாலும் இப்படித்தான் வருவேன். அழுக்கா வந்தாத்தான் நம்புவீங்கன்னா, நான் வேற டாக்டரப் பாத்துக்கறேன்."

வெளிய வரிசையில இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க.

டாக்டர் பேனாவ வெச்சாரு. "இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலீங்களே."

எந்திரிச்சு வந்தாரு. படுக்க வெச்சு அமுக்கிப் பாத்தாரு. இங்கயா, இங்கயா. எந்த வேலை செஞ்சா வலி அதிகம், எப்படிப் படுத்தா தேவலைன்னு கேட்டாரு. மூணு வருஷத்துல முதல் தடவை. அப்புறம்: "முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். குறைக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்." அழுகை வந்துருச்சு. கோவமும்தான். இத முதல்லயே சொல்லியிருந்தா என்னவாம்?

நர்சரிக்கு எழுதிக் குடுத்தாரு. உடற்பயிற்சி ரெண்டு. அடுத்த மாசம் வரணும்.

பஸ்ல உக்கார இடமில்ல. வளைவுக்கு வளைவு முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. சிரிச்சுட்டேதான் வந்தேன். பாக்கறவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும்.