பால் கட்டிக்கொண்ட விஷயமாக மகனுக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, ஆனால் சுகமில்லாததைச் சொல்லவே எழுதுகிறேன். போனில் என்னைப் பேசவிட மாட்டாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் என் மானம் போன கதை. உன் மனைவிக்குக் குளிர்காய்ச்சல், ஒரு பக்க மார்பு சிவந்து கல்லாய்க் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள், பேரன் எடுத்த கிழவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. தோளுக்குக் கீழே வீக்கம் என்று முனகி வைத்தேன். எலும்பு டாக்டர் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கை கால் கட்டுப் போட்டவர்கள் நடுவில் பச்சை உடம்புக்காரி நடுங்குகிறாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவளே எழுந்துபோய் விசாரித்து, பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் நர்ஸம்மாவைக் கண்டுபிடித்தாள்.

திரைக்கு வெளியே நின்ற என்னிடம் அந்த அம்மா, யாருய்யா மாரை இப்படித் துணியால இறுக்கிக் கட்டுனது என்று கத்தினாள். மகன் போனில் சொன்னான், அவன் அம்மா கட்டினாள் என்றேன். மகன் டாக்டரா என்றாள். கட்டட இன்ஜினியர் என்றேன். அதான் தூணுக்குக் கம்பி கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க என்றாள். பால் கெட்டிருக்கும், நிறுத்து, கட்டி வற்ற வை என்றாயே, எந்தப் படிப்பில் படித்தாய் அதை? அந்தப் பாலால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, தேங்கினாத்தான் இவளுக்கு ஆபத்து என்கிறாள் அவள். பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும், அமுக்கிப் பிசையக் கூடாது, குளிர்ந்த துணி வைக்க வேண்டும், டாக்டர் எழுதிய மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுசாகச் சாப்பிட வேண்டும், வீக்கம் வடியாவிட்டால் சீழ் பிடித்துவிடும், உடனே ஓடிவர வேண்டும். குழந்தையை வாய் நிறையக் கவ்வ வைக்கவும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு எப்போதெல்லாம் கொடுக்கிறாய் என்று விசாரித்து, சாயங்காலம் மட்டும் ஏன் கண்ணு இவ்வளவு தள்ளிப் போகுது என்று கேட்டாள். அசந்து தூங்கிடுறேன்க்கா என்றாள் உன் மனைவி.

எனக்கு ரத்தம் கொதித்தது. தூக்கமாம்! இங்கே சாயங்காலம் ஆகும்போதுதான் அந்த நாட்டில் உனக்குச் சாப்பாட்டு நேரம். நீ கூப்பிட்டதும் பால் குடிக்கும் குழந்தையைப் பிடுங்கி உனக்குக் காட்ட வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், உன் கூட்டாளிகளுக்கும் காட்ட வேண்டும். சட்டை நனைந்து ஒழுக ஒழுக அவள் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பின்னால் நின்று பல்லை இளித்த எனக்கும் ஒரு அறை விட வேண்டும்தான். மேஸ்திரியை விரட்டும் தொனியைக் கட்டடத்தோடு வைத்துக்கொள். இனி குழந்தை குடித்து முடித்த பிறகு நானே கூப்பிடுவேன். நீயாகக் கூப்பிட்டால் போன் என் சட்டைப்பையில் கிடந்து அலறட்டும். பேசும்போது முதல் கேள்வி அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதாக இருக்கட்டும்.

இன்று காய்ச்சல் இறங்கியிருக்கிறது. உன் அம்மா துணி நனைத்து வைக்கிறாள், அடுப்படி என் பொறுப்பு, சோறு குழைந்தாலும் பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. எவ்வளவு திட்டினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணம் மட்டும் மாறாது.

கோபம் ஆறாத,
அப்பா

புறப்படும்போது நர்ஸம்மா, பிள்ளையோட அப்பா எதையும் பார்க்கிறதில்லையா என்றாள். வெளிநாட்டில் இருக்கிறான், தினமும் போனில் பார்க்கிறான் என்று உன்னை விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிட்டேன். பிள்ளையைத்தான் பார்க்கிறான், பெற்றவள் முகத்தை இன்னும் பார்க்கவில்லை என்பது தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை.