உங்கள் குரலுக்கு நான் வைத்த கையெழுத்து

நாளைக்கு உங்களுக்கு முப்பத்தோராம் நாள். இன்றைக்குப் பின்னேரம், நாங்கள் ஒதுங்கியிருக்கிற இந்தப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் யாரோ ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போடுகிற ரேடியோவை ஓடவிட்டார். மின்சாரம் இல்லாத இத்தனை வருசமாக எல்லோரும் செய்கிறதுதான். நான் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு நீங்கள் பாடினீர்கள்.

சுற்றுகிறவருக்குக் கை உளைந்தபோது உங்கள் குரல் கனத்துப் படுத்தது. அவர் கை மாற்றிச் சுற்ற, கீச்சிட்டது. சனம் சிரித்தது. வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஓடிவந்த சனம் இது. அதில் ஒருவர் உங்கள் கசெற்றை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறார். உங்களோடு கூடவே வந்த எனக்குத்தான் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியவில்லை.

ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய படம் போட்டு, நாலு பாட்டு எழுதி, அச்சடித்துக் கொடுப்பார்கள். அச்சடிக்கிறவர்களும் எங்களைப் போல எங்கேயோ ஒரு மரத்துக்குக் கீழேதான் இருப்பார்கள். அதனால் ஒரு கொப்பியில் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு மீன்வலை முடியப் போனவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை முதல் முதல் கண்டது கோயில் பெருநாள் மேடையில். ராசா வேடக்காரர் வருமுன் சபையைச் சிரிக்க வைக்கிற பபூன் நீங்கள். ராசாவுக்குப் பூமாலை, உங்களுக்கு ஒரு சோடாப் போத்தல். அந்தப் போத்தலையே மாலை மாதிரி நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ராசாவின் பாட்டை ராசாவைவிட நன்றாகப் பாடிக் காட்டினீர்கள். ராசா வேடக்காரர் ஒரு மாதம் உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் என்னைப் பெண் கேட்டு வந்தபோது அப்பு சொன்னார்:

"பபூனுக்கோ என்ரை பெட்டையைக் குடுக்கிறது? நாளைக்குக் கஞ்சிக்கு வழியில்லாட்டில் சிரிச்சுக் காட்டுவானோ?"

நீங்கள் வாசலில் நின்றபடியே, "ஓம் மாமா, கஞ்சியில்லாட்டில் பாட்டும் சேத்துத் தருவன்" என்றீர்கள். அப்பு சிரிக்கக்கூடாது என்று மீசையைக் கடித்தார். அதோடு காரியம் முடிந்தது.

பிறகு ஆர்மோனியக்காரரையும் மத்தளக்காரரையும் சேர்த்துக்கொண்டு, பாதி பாட்டும் பாதி பகிடியுமாகச் சொந்த நாடகம் போடத் தொடங்கினீர்கள். சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர்கள் மிசினை நிற்பாட்டிவிட்டு வந்தார்கள். மயிலிட்டியில் உங்கள் நாடகமென்றால் அன்றைக்கு வள்ளம் இறங்காது. அதைக் கேட்டுத்தான் கொழும்பிலிருந்து படமெடுக்கிறவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். கலியாணத் தரகர் வேசம், இரண்டு பாட்டு. யாழ்ப்பாணத்தில் அந்தப் படம் ஓடியபோது நான் ஏழு தரம் பார்த்தேன். கதை என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் வருகிற இடங்களை மட்டும்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் நீங்கள் தரகர். நெல்லியடிச் சந்தையில் ஒரு மனுசி உங்களை மறித்து, "தரகர், என்ரை மூத்தவளுக்கும் ஒரு இடம் பாருங்கோவன்" என்றது நினைவிருக்கிறதா? நீங்கள் அது படம் என்று சொல்லவில்லை. பெட்டையின் வயதைக் கேட்டு, சாதகம் இருக்கிறதா என்று கேட்டு, மூன்று மாதத்தில் உண்மையாகவே ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தீர்கள். பந்தலில் பாடியும் வந்தீர்கள். "படத்திலை ஒண்டும் ஒப்பேறேல்லை. இதெண்டாலும் ஒப்பேறட்டும்" என்றீர்கள்.

எண்பத்து மூன்றில் இரண்டாவது படத்துக்குப் போனீர்கள். பாதி எடுத்திருந்தபோது கொழும்பு எரிந்தது. எடுத்த படச்சுருள், எடுக்காத படச்சுருள், நான் ஏழு தரம் பார்த்த முதல் படம், எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருந்து எரிந்தது என்று பிறகு சொன்னீர்கள். அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது ஆரோ ஒருவருடைய பெரிய காற்சட்டையை இடுப்பில் கையால் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நான் அழுதேன். "ஏனடி அழுகிறாய்? கதாநாயகன்ரை உடுப்பைத் தந்திட்டாங்கள். படம்தான் இல்லை" என்றீர்கள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருசம் இந்தக் குடாநாடுதான் உங்கள் மேடை. மின்சாரம் நின்றபோது மைக்கும் நின்றது. பெற்றோல்மாக்சு வெளிச்சத்தில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியப் பாடினீர்கள். குரல் கரகரக்கத் தொடங்கியது. அதை நீங்கள் மறைக்கவில்லை. நோய் பிடித்த ஒரு விதானையாரை நாடகத்தில் புகுத்தி, அந்தக் குரலிலேயே பாடினீர்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தரகர் புதுக்குரல் பழகிவிட்டார் என்றார்கள். நானும் முன்வரிசையில் இருந்து சிரித்தேன். பிறகு சாப்பிடும்போது சோற்றை விழுங்க முடியாமல் தண்ணீரைக் குடித்தீர்கள். அப்போதுதான் அது பழகிய குரல் இல்லை என்று எனக்கு விளங்கியது.

டொக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி, எடுக்க வேண்டும், எடுத்தால் பேச்சு வராது என்றார். நீங்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து முற்றத்தில் என்னை நிற்பாட்டிச் சொன்னீர்கள்.

"சத்தம் போனால் தரகர் செத்தார். பிறகு மிச்சத்தை வைச்சு நீ என்ன செய்யப்போறாய்? நான் அறிவில்லாமல் கிடந்தாலும் வெட்ட விடக்கூடாது. சொல்லு, விடமாட்டன் எண்டு சொல்லு."

"விடமாட்டன்" என்றேன்.

மூன்று கிழமைதான் போனது. ஒரு மத்தியானம் உங்களுக்கு மூச்சு அடைத்தது. முகம் நீலம் பாரித்துவிட்டது. அயலார் மீன் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் கடதாசியோடு என்னிடம் வந்தார்.

"அம்மா, கழுத்திலை துளை போட்டால் இண்டைக்குத் தப்புவார். கட்டி நிண்டால் பிறகு ரெண்டு மாதமும் சொல்லேலாது. முழுசா எடுத்தால் ஆள் இருப்பார். மயக்கமருந்து இண்டைக்கு இருக்கு. நாளைக்கு இருக்கும் எண்டு நான் சொல்லமாட்டன்."

"அவர் வேண்டாம் எண்டவர், ஐயா."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்று நான் வாசிக்கவில்லை. வாசித்து முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் வேணும். என் பெயரை மட்டும் எழுதினேன். அவ்வளவும்தான் எனக்கு வேகமாக எழுத வரும்.

பதினொரு நாள் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிலேற்றும் பென்சிலும் வாங்கித் தந்தேன், தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிலேற்றை எடுத்து எழுதினீர்கள். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். "இதுக்குச் சீனி போட்டதோ, அல்லது சீனிக்கு இதைக் காட்டினதோ?" ஊரில் சீனியே இல்லாத காலம். நான் சிரித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ஒரு பழைய சைக்கிள் மணியைக் கழற்றி அரையில் கட்டிக்கொண்டீர்கள். ஒரு தரம் அடித்தால் தண்ணீர், இரண்டு தரமென்றால் நான் வர வேண்டும். விடாமல் அடித்தால் என் சமையலில் பிழை. கழுத்துத் துளைக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி விடுவேன். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது, நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் மனம் தாங்காமல் கேட்டேன். "இஞ்சேருங்கோ, என்னிலை கோவமோ?" நீங்கள் சிலேற்றில் ஒரு வரி எழுதிக் காட்டினீர்கள். நான் 'நீ' என்று முதல் எழுத்தைக் கூட்டி முடிக்க முன்னமே உள்ளங்கையால் அழித்துவிட்டு எழும்பிப் போய்விட்டீர்கள். என்ன எழுதினீர்கள்? கொஞ்சம் வேகமாக வாசிக்கத் தெரிந்திருந்தால் எனக்கு இன்றைக்கு அது தெரிந்திருக்கும்.

பிறகு ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை. நான் சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டினேன். உங்களைப் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். "கையை விடாதையுங்கோ" என்றேன். நீங்கள் சரி என்கிற மாதிரி மணியைத் தட்டினீர்கள். குடையை உங்கள் கையில்தான் தந்திருந்தேன்.

விடிந்தபோது நாவற்குழிப் பாலத்துக்கு வந்திருந்தோம். ஒரு அடி நகர ஒரு மணித்தியாலம் போனது. மூட்டை சரியாமல் பிடிக்கவே இரண்டு கையும் காணாது. திரும்பிப் பார்க்க இடமில்லை. ஆனாலும் கரியரில் பாரம் இருந்தது. என் ஆள் பிடித்திருக்கிறார் என்று நிம்மதியாக உருட்டினேன். பாலம் தாண்டி, கொஞ்சம் வெளி கண்டு, திரும்பினேன். கரியரைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாத ஒரு கிழவி.

"நான் பாலத்திலை பிடிச்சனான் பிள்ளை. விழுந்திடுவன் எண்டு பயமாக் கிடந்தது" என்றது அது.

நான் கூப்பிட்டேன். "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். என்னைச் சுற்றி எத்தனை பெண்கள் அதே சொல்லைச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றார்கள். எந்தப் பெண்சாதி புருசனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? உங்கள் மணிக்குக் காது கொடுத்தேன். அங்கே நின்றது ஆயிரம் சைக்கிள். எல்லாம் வழிவிடச் சொல்லி மணியடித்துக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், "அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. இஞ்சை நிக்கிற எல்லாரும் இஞ்சேருங்கோதான்" என்றார். இருபத்தொரு வருசத்தில் நான் சொல்லாத பெயரை அந்த மழையில் வாய்விட்டுச் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கடற்கரையில் அந்தப் பெயர் வைக்காத வீடு எது? ஐந்தாவதாக ஓம் என்று சொல்ல வேண்டிய ஆளுக்குச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தவள் நான்.

மூன்று நாள் தேடினேன். கோயில், பள்ளிக்கூடம், மாமரத்தோப்பு, எல்லா இடமும். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டின, வாய் பேசாத ஆள் என்று சொல்லிச் சொல்லிப் போனேன். சிலபேருக்குத் தரகர் என்றும் சொன்னேன். "எந்தத் தரகர், படத்திலை வந்தவரோ? அவரைக் கண்டால் தெரியாமல் இருப்பமே?" என்றார்கள். அவர்கள் தேடினது உங்கள் பழைய முகத்தை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்த ஒரு கட்டடத்துக்குப் போனேன். விறாந்தையில் ஏறி நாலடி வைத்திருப்பேன். உள்ளே நின்ற தாதிப் பிள்ளை ஒன்று வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"அம்மா, நீங்கள் கழுத்திலை துணி கட்டின ஐயாவின்ரை ஆளோ?"

"என்னெண்டு பிள்ளை தெரியும்?"

"அவர் காட்டினவர்" என்று சொல்லி அது அழத் தொடங்கியது.

மழைத் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிச் சுரத்தோடு உங்களை ஆரோ கொண்டுவந்து விட்டார்களாம். முதல் நாள் பெயரை எழுதிக் கொடுத்தீர்களாம். பிறகு பேனை பிடிக்கக் கை ஏலவில்லை. உங்கடை ஆக்கள் ஆர் என்று கேட்டபோது, இரண்டு விரலைக் கட்டில் விரிப்பில் ஊன்றி நடக்க விட்டீர்களாம். நாலடி நடந்து, அந்த விரல்கள் நின்று, திரும்பிப் பார்த்து, ஒன்றும் தவறவில்லை என்று கண்டபிறகு மறுபடி நடக்குமாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுகிறதையும் ஒரு விரலால் காட்டினீர்களாம். முழு வார்ட்டும் சிரித்ததாம். கைகாலில் காயம்பட்டுக் கிடந்தவர்கள்கூட இன்னொருக்கால் காட்டச் சொன்னார்களாம்.

"நேற்று முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டு அதைத்தான் செய்தவர்" என்றது அந்தப் பிள்ளை. "இண்டைக்கு விடியத்தான், அம்மா..."

அன்றைக்குப் பின்னேரமே தெரியாத ஊர்ச் சவக்காலையில், தெரியாத நாலு பேர் தூக்க, உங்களை வைத்துவிட்டு வந்தேன். என்னில் கோபம் இருந்ததா, இல்லையா என்று இனி ஆரைக் கேட்பேன்? கோபம் உள்ளவர் அப்படி வாசலைப் பார்ப்பாரா என்று ஒரு நேரம் நினைக்கிறேன். குரல் இருந்திருந்தால் வாசலைப் பார்க்கவே வேண்டி வந்திராது என்று மறு நேரம் நினைக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகிறது. ஒன்றும் செய்ய ஏலாமல் இருக்கிறது.

நான் நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்து நடக்கிறவள் என்று எனக்கே தெரியாது. நீங்கள் எப்போது பார்த்து வைத்தீர்கள்? இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் விட முடியவில்லை. காலையில் வாளியோடு கிணற்றுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கிறேன். வரிசையில் நிற்கிற பெண்கள், "ஆரையக்கா தேடுறியள்?" என்று கேட்கிறார்கள்.

"ஒருத்தரையுமில்லை. என்ரை நடை அப்பிடி" என்று சொல்கிறேன்.