ஒரு றெக்கை குட்டையான விமானம்

நீடாமங்கலம்
14.8.1998

அன்புள்ள அண்ணாதுரைக்கு,

ஆண்டவன் கருணையில் இங்கே நம் இரண்டு வீட்டிலும் நலம். உன் நலத்தை நான் கேட்க வேண்டியதில்லை, நீயே எழுதிவிட்டாய்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையை மூடிவிட்டார்கள், வெறுங்கையோடு ஊருக்கு வர மாட்டேன், வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவை என்கிறாய். சொல்லிப் பார்த்தேன். உன் மனைவி செம்மொழி, "ஏண்ணே, ஓவர்டைம் பாக்குறவருக்கு நாலு பக்கம் கடுதாசி எழுத நேரம் ஏது?" என்று கேட்டது. எத்தனையோ வியாபாரிகளைச் சமாளித்தவன், அதனிடம் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

போன வாரம் என் மகள் ஹுமைரா பிளாஸ்டிக் விமானம் ஒன்றை ஒட்டினாள். வெளிநாட்டுச் சாமான், இப்போது திருச்சிக் கடையிலேயே கிடைக்கிறது. பாகத்துக்குப் பாகம் நம்பர் போட்டு வருகிறது. இரண்டு றெக்கையும் சமம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்ன வயதில் நாம் செய்த விமானம் ஞாபகம் இருக்கிறதா? கூத்தாநல்லூர் மாமா கொடுத்த விமானக் கம்பெனி காலண்டரை ஈர்க்குச்சியால் அளந்தோம். படத்தில் ஒரு விரல் என்றால் நம்முடையதில் நாலு விரல். குளத்தில் முளைக்கும் லேசான நெட்டித் தண்டைச் சீவி, உன் அம்மா தந்த சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். படத்தில் கிட்டே இருந்த றெக்கை நீளம், அந்தப் பக்கத்து றெக்கை குட்டை. அப்படியே செய்தோம். விமானத்தை வானத்தில் பொட்டாகப் பார்த்ததோடு சரி, நமக்கு என்ன தெரியும்?

வெண்ணாற்றங்கரையில் காகித விமானம் விட்டுக்கொண்டிருந்த நம் வகுப்புத் தங்கையன், "என்னடா, ஒரு றெக்கைய எலி கடிச்சிருச்சா?" என்றான். வீசினால், ஆற்றுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு என் தலையிலேயே வந்து இடித்தது. கரையே சிரித்தது. அழுதுகொண்டே அதை மிதிக்கப் போனேன். நீ பிடுங்கிக்கொண்டு, தங்கையனைப் பார்த்து, "போடா, உன்னோடது ஆத்துல விழுந்தா நீ நீஞ்சணும். எங்களோடது கைக்கே வந்துரும்" என்றாய். மறுநாள் தங்கையனே ஒரு கட்டு நெட்டியோடு வந்து, எனக்கும் ஒன்று செய்து கொடு என்று நின்றான்.

இன்றுவரை கடையில் எந்தச் சரக்கையும் நான் மட்டமாகப் பேசியதில்லை. எதற்கு ஆகும் என்றுதான் பார்ப்பேன். அந்தப் புத்தி உன்னிடம் எடுத்தது. இத்தனை வருஷம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மேட்டூர் தண்ணீரை நம்ப முடியாமல் ஊரெல்லாம் போர் போடுகிறார்கள். மோட்டார் நான் விற்கிறேன். கெட்டுப்போனால் மன்னார்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பக்கத்துக் கடையைப் பிடித்துப் போட்டிருக்கிறேன், கப்பல் மோட்டாரையே பார்த்த உன்னைப் போல ஒரு மெக்கானிக்தான் இல்லை. தயவு என்று நினைக்காதே. லாபம் பார்க்காமல் நான் யாரையும் கூப்பிட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அன்று அந்த விமானம் திரும்பி வந்தபோதெல்லாம் கையை நீட்டிக்கொண்டுதான் ஓடினோம். என்ன கொண்டுவந்தது என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தேதி மட்டும் எழுது. திருச்சி விமான நிலைய வாசலில் நிற்கிறேன்.

உன்,
ஹம்தான்