மஞ்சள் நூல் கட்டிய பழைய திறப்பு

9.6.2008, திங்கள்

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. திறப்பைப் போட்டால் சாவித் துளைக்குள் திரும்பாமல் கொஞ்ச நாளாக அது படுத்திய பாடு போதும். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் அஸீம் பழைய இக்னிஷன் லொக்கைக் கழற்றிப் புதியது பூட்டி, புதுத் திறப்புகள் இரண்டு தந்தார். ஒன்று எனக்கு, மற்றது மனைவி பத்மாவுக்கு.

பழைய திறப்பை வீசப் போனேன். பத்மா பாய்ந்து பிடுங்கினாள். கார் வாங்கிய அன்று கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துப் பூசை செய்து, ஐயர் மஞ்சள் நூல் கட்டித் தந்த திறப்பாம். "சாமிக்கு வைச்சதை குப்பையில போடுறதோ?" தன்னுடைய திறப்புக் கோர்வையில், புதுத் திறப்புக்குப் பக்கத்திலேயே கோர்த்துக்கொண்டாள். உதவாத இரும்பைச் சுமக்கிறாய் என்று சிரித்தேன். நான் பொறியியலாளர் அல்லவா, சிரிக்கத்தானே வேண்டும்.

11.6.2008, புதன்

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. உறுமும், இரண்டு விநாடியில் செத்துப்போகும். டாஷ்போர்டில் திறப்புப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று படபடவென்று மின்னுகிறது. பியூஸ் பார்த்தேன், பெற்றோல் பார்த்தேன், எல்லாம் சரி. குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கந்தோருக்கு வேலைக்குப் போனேன். போன வெள்ளி பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு எல்லாரும் எல்லாருடைய பையையும் பார்க்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை. வாய் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

பின்னேரம் பத்மா ஏறித் திறப்பைப் போட்டாள். முதல் தரமே ஸ்டார்ட். "என்ர கைராசி" என்கிறாள்.

12.6.2008, வியாழன்

அஸீம் வேலை முடிந்து தானாகவே வந்தார். பத்மா திறப்பைக் கொடுத்தாள். அவர் போட்டதும் ஸ்டார்ட். பற்றரி முனையைத் துடைத்து இறுக்கிவிட்டு, "இந்தப் புது மொடல்கள் நமக்கும் புதுசுதான் சேர். பற்றரியாத்தான் இருக்கும்" என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

13.6.2008, வெள்ளி

எப்படி எழுதுவது?

காலையில் பத்மாதான் ஓட்டினாள். அவளுடைய பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, தன் கோர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சாரதி ஆசனத்துக்கு மாறி என் திறப்பைப் போட்டேன். உறுமிச் செத்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். திடீரென்று ஹோர்ன் ஊளையிடத் தொடங்கியது. விளக்கெல்லாம் எரிந்து எரிந்து அணைகிறது. கள்ளருக்காக வைத்த ஏற்பாடு. நிறுத்தத் தெரியவில்லை.

சந்தியில் நின்ற பொலிஸ் ஓடி வந்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கேற்றை மூடினார்கள். என்னை இறக்கிக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். அடையாள அட்டையைத் திருப்பி, நான் பிறந்த இடம் வடக்கு என்று பார்த்த பிறகு அந்தப் பொலிஸ்காரரின் முகமே வேறு.

"கடைசியாக இந்தக் காரில் கை வைத்தது யார்?"

அஸீமின் பெயரைச் சொன்னேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. நானாகத்தான், என் அழகான சிங்களத்தில், சொன்னேன்: "யாரோ ஒரு கராஜ்காரன். பெரிய பழக்கமில்லை. என்ன செய்து வைத்தானோ, எனக்குத் தெரியாது."

பெரிய பழக்கமில்லை! நாங்கள் வீடு குடிபுகுந்த அன்று முதலில் வந்து வாசலில் நின்ற மனிதன்.

காரை நாய் மோந்தது. ஒன்றுமில்லை. மத்தியானம் விட்டார்கள். பத்மா வந்து திறப்பைப் போட்டாள், கார் சமர்த்தாக வீடு வந்தது.

14.6.2008, சனி

நேற்றுப் பின்னேரமே அஸீமைக் கொண்டுபோய்விட்டார்களாம்.

அவருடைய மனைவி றமீஸா வந்தார். நான் அறைக்குள், அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். பத்மாவுக்குக் கையைக் காட்டினேன், இல்லை என்று சொல் என்று.

"டீச்சர், அவர் ஒரு வம்புக்கும் போகாத மனுசன். சேர் வந்து ஒரு வார்த்த சொன்னா உட்டுருவாங்க. சேருக்கு அவரத் தெரியுந்தானே?"

"அவர் வெளியில போயிட்டார்" என்றாள் பத்மா. அவள் குரல் எப்படி இருந்தது என்பதை எழுதமாட்டேன்.

றமீஸா போகும்போது வாசலில் என் செருப்பைப் பார்த்திருப்பார். பார்க்காமல் இருக்க முடியாது.

15.6.2008, ஞாயிறு

காருக்குள்ளேயே இருந்தேன். என் திறப்பு: சாகிறது. பத்மாவின் திறப்பு: ஓடுகிறது. இரண்டும் ஒரே வெட்டு, ஒரே கடையில் வெட்டியவை. பிறகு பத்மாவின் புதுத் திறப்பைக் கோர்வையிலிருந்து கழற்றித் தனியாகப் போட்டேன். செத்தது. மஞ்சள் நூல் கட்டிய பழைய திறப்பை லொக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டேன். ஓடியது. மூன்றாம் தரம், நாலாம் தரம், அப்படியேதான்.

பழைய திறப்பின் கறுப்புத் தலைக்குள் ஒரு சிறிய மின்னணுச் சில்லு இருக்கவேண்டும். கார் அதைத்தான் அடையாளம் பார்க்கிறது, இரும்பை அல்ல. புதுத் திறப்பின் தலை வெறும் பிளாஸ்டிக். அஸீமுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. குண்டும் இல்லை, சதியும் இல்லை.

ஒரு மனிதனை வெளியே எடுக்கக்கூடிய சாட்சி என் உள்ளங்கையில் கிடக்கிறது. கண்டுபிடித்த சந்தோசம்கூட ஒரு நிமிடம் வந்தது, வெட்கமில்லாமல்.

பத்மாவிடம் காட்டினேன். "இப்பவே போவம்" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

16.6.2008, திங்கள்

போகவில்லை.

கந்தோருக்குப் போனேன். கூட்டம் இருந்தது என்று எழுதலாம். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உண்மை என்னவென்றால், அந்தப் பொலிஸ் நிலைய வாசலுக்குள் நானாக நடந்து போனால் திரும்ப விடுவார்களா என்ற பயம். என்ர பிறந்த இடத்தை நானே கொண்டுபோய் நீட்டுறதோ? அஸீமுக்கு அந்தப் பயம் இருந்திருக்காதோ?

பத்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காரவில்லை. கழுவுகிற இடத்தில் நின்றபடியே சொன்னாள்: "நாளைக்கு நீங்க போகாட்டி, லீவு போட்டு நான் போறன்."

17.6.2008, செவ்வாய்

போனேன்.

பொறுப்பதிகாரி முற்றத்துக்கு வந்தார். பழைய திறப்போடு ஓட்டிக் காட்டினேன், இல்லாமல் நிறுத்திக் காட்டினேன். அவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. கான்ஸ்டபிள்மாரும் ஆளுக்கொரு தரம் செய்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் மஞ்சள் நூலைத் தொட்டு, கடவுளின் வேலையா என்று கேட்டார். நானும் சிரித்தேன். உள்ளே அஸீம் இருக்கிறார், நான் வெளியே சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

கூட்டி வந்தார்கள். சட்டையில் பொத்தான் இல்லை. இடது கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். காரில் ஏற்றினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல்.

பாலத்தில் சொன்னார்: "நீங்க சொன்னத எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க சேர்."

முன்னால் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"பெரிய பழக்கமில்லன்னு." ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயத்துல சொன்னதுதானே. எங்கிட்டயும் உங்களப் பத்திக் கேட்டாங்க. நல்ல மனுசன், நான் பொறுப்புன்னு சொன்னேன்."

மன்னிக்கவும் என்று எத்தனை கந்தோர்க் கடிதங்களில் எழுதியிருக்கிறேன். வாயில் வரவில்லை. வீட்டு வாசலில் றமீஸா அவரைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

22.6.2008, ஞாயிறு

பத்மா மட்டும் காரோடு அஸீமிடம் போய் வந்தாள். நான் போகவில்லை. கை வீக்கம் வற்றவில்லையாம். ஆனாலும் உட்கார்ந்து, பழைய திறப்பின் தலையைப் பிளந்து, சில்லை எடுத்து, புதுத் திறப்பின் தலைக்குள் வைத்து ஒட்டித் தந்திருக்கிறார். மஞ்சள் நூலையும் அவிழ்த்துப் புதியதில் கட்டி அனுப்பியிருக்கிறார். இனி இந்த ஒரு திறப்புத்தான், இரண்டு பேருக்கும்.

"என்னைப் பற்றிக் கேட்டவரோ?"

"கேட்டவர். சேர் சுகமோ எண்டு."

26.7.2008, சனி

ஒயில் மாற்றவேண்டியிருந்தது. காலையில் புறப்பட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பவில்லை. கம்பளை வரைக்கும் போனேன்.

அங்கே பேர் தெரியாத ஒரு கராஜ். வேலை செய்தவர் திறப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தலையில் ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினார். "நல்லா செஞ்சிருக்காங்களே சேர். நம்மகிட்டயும் இப்பிடி ரெண்டு கார் வந்து நிக்குது. யாருகிட்ட செஞ்சீங்க? பேரச் சொல்லுங்க, நாங்களும் அனுப்புறோம்."

"தெரியாது" என்றேன். "யாரோ ஒரு கராஜ்காரன்."

வீட்டுக்கு வந்தபோது பத்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அஸீமிட்டயோ போனீங்கள்?"

"ஓம்."

"கை எப்பிடியாம்?"

"சுகமாயிட்டுதாம்" என்றேன்.