சன்னத்தின் மேல் பழி போட்டோம், அத்தான்

என் ஆசை அத்தான்,

நீங்கள் எங்களை விட்டுப் போன எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவுப் படையலுக்கு அக்கா கணவாய்ப் பிரட்டலும் நண்டுக் குழம்பும் வைத்தாள். விஸ்கியை நான் ஊற்றி வைத்தேன். பிறகு அவள் பேஸ்மென்டுக்குள் இறங்கிப் போய், நீங்கள் கடைசியாக அடைத்து வைத்த துப்பாக்கி ரவைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்னையா கதிரையைப் பின்னுக்கு இழுத்து, "உது வெடிக்காதோ பிள்ளை?" என்று கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் இங்கே காசு கட்டித் துவக்கால் சுடப் போகிறார்கள் என்று அக்கா எத்தனை நக்கல் அடித்திருப்பாள். சனிக்கிழமை காலையில் மோர்னிங்சைட்டிலிருந்து வடக்கே கிளப்புக்குப் போய்க் கடதாசியில் சுடுவதோடு சரி, ஒரு பறவையைக்கூட நாம் தொட்டதில்லை. "அங்க சத்தம் எங்களைத் தேடி வந்தது மச்சான். இஞ்ச நான் கூப்பிட்டாத்தான் வரும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் ஏன் என்று கேட்கவில்லை.

கடை ரவை உங்களுக்குப் பிடிக்காது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கோதின் வாயில் பாய்ந்து போகும் குண்டான சன்னத்தை வைத்து அழுத்தி, எல்லாம் உங்கள் கையாலேயே நடக்க வேண்டும். ஈயச் சன்னம் இருந்த காலத்தில் நூறு மீற்றரில் கடதாசியில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகுதான் அந்த முழுச் செம்புச் சன்னத்தில் ஆசைப்பட்டீர்கள். மூக்கு நீண்டு பின்பக்கம் ஒடுங்கின சாமான்.

நிறை ஒன்றுதானே, மருந்தும் பழைய அளவே போடலாம்தானே என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்குக் கட்டும் சூட்கேஸில் ஒரே நிறை பருப்பும் குளிர்ச்சட்டையும் ஒரே இடத்தையா பிடிக்கும் என்று ஏசினீர்கள். செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே நிறைக்குச் சன்னம் நீளும். நீண்டது கோதுக்குள் ஆழ இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அமுக்கம் எகிறும். குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் துவக்குக்குப் பிடித்த அளவைத் தேட வேண்டும் என்றீர்கள்.

அந்தத் தேடலிலேயே இலையுதிர்காலம் முழுக்கப் போய்விட்டது. ஓட்டைகள் ஒட்டவே இல்லை. ஒன்று மேலே போகும், அடுத்தது கடதாசிக்கே வெளியே போகும். மருந்தை மாற்றினீர்கள், சன்னம் இறங்கும் ஆழத்தை மாற்றினீர்கள். உந்தச் சன்னமே சரியில்லை என்று நீங்கள் திட்ட, நானும் சேர்ந்து திட்டினேன். பனிக்காலமும் அப்படியே கழிந்தது. கடைசியாக ஃபோனில், "இந்தமுறை பிடிச்சிட்டன் போல கிடக்கு மச்சான்" என்றீர்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கு நீங்கள் இல்லை. மிசிசாகாவில் வேலைக்குப் போன இடத்தில் விழுந்துவிட்டீர்கள். தலைக்குள் கட்டி என்றார்கள் ஆஸ்பத்திரியில். எவ்வளவு காலமாக இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

படையல் முடிந்து சனம் போன பிறகு அக்கா அந்தப் பெட்டியை என் கையில் தந்தாள். நீங்கள் சரியாகப் பிடித்தீர்களா என்று தனக்குத் தெரிய வேண்டும், கொண்டுபோய்ச் சுட்டுப் பார் என்றாள். ஒருவர் அடைத்ததை இன்னொருவர் சுடுவதில்லை, அடைத்தவர் போய்விட்டால் பிரித்துவிட வேண்டும் என்பது ரவை அடைக்கும் நம் ஆட்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. உங்கள் கையையே நம்பவில்லையா என்று அவள் கோபித்தாள். பிரித்து, உள்ளே இருக்கும் மருந்தை நிறுத்துப் பார்த்து, அதே அளவில் நானே அடைத்துச் சுடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

உங்கள் மேசையில் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். நீங்கள் அழுத்தி வைத்ததை நான் பிடுங்கி எடுப்பது எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது. முதலாவதில் மருந்து அளவாக இருந்தது. அடுத்ததில் அளவுக்கு மேலே. அதற்கடுத்ததில் மிகவும் குறைய. தராசில்தான் பிழை என்று நினைத்துப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. ஒரு கோதுக்குள் மருந்தே இல்லை.

உங்கள் கை ஒருநாளும் அப்படிச் செய்யாது, அத்தான். நான் அந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தாள். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பொத்தானை நீங்கள் மாறிப் பூட்டிக்கொண்டு போனதையும், வயது போகிறது என்று தான் பகிடி பண்ணியதையும் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எப்ப தொடங்கினது தம்பி?" என்று கேட்டாள்.

நான் அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். எப்போது தொடங்கியது? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டா என்னோடு சேர்ந்து அந்தச் சன்னத்தைத் திட்டினீர்கள்?

யோசித்துப் பார்த்தால் பதில் சொல்ல அந்தச் சன்னம் மட்டும்தான் இருக்கிறது. நான் ஒழுங்காக நிறுத்து அடைத்து, எந்த அளவிலும் எந்த ஆழத்திலும் அது சிதறினால், குற்றம் சன்னத்தில்தான். நோய் கடைசி நாட்களில்தான் கையைப் பிடித்தது என்று நாங்கள் மனதைத் தேற்றலாம். ஓட்டைகள் ஒட்டி நின்றால், சன்னத்தில் பிழையில்லை, நீங்கள் இலையுதிர்காலம் முழுக்க நோயோடு எங்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறீர்கள். டொக்டரிடம் கொண்டுபோக எங்களுக்குக் காலம் இருந்திருக்கிறது.

அக்கா முதலில் வேண்டாம், விடு என்றாள். அடுத்த நாள் அவளே ஃபோன் எடுத்து, "சுட்டுப் பார். ஆனா எனக்குப் பொய் சொல்லாதை" என்றாள்.

துவக்கு என் பெயருக்கு மாறிவிட்டது. வரும் சனிக்கிழமை தொடங்குகிறேன், அத்தான். நீங்கள் சொன்னபடி குறைந்த அளவிலிருந்து, அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் நிறுத்துப் போடுவேன். வேண்டுமென்று ஒரு சூட்டையும் பிழைக்க விடமாட்டேன். என்ன வந்தாலும் அக்காவிடம் அப்படியே சொல்லுவேன், இது சத்தியம். ஆனால் நல்லூரானிடம் நேர்ந்து வைத்திருப்பது வேறு. ஓட்டைகள் சிதற வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன்.

உங்கள் மச்சான்,
குகன்