காற்றை இறக்குவது யார்

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் மகள் இன்று ஒரு பெரிய தாளை விரித்தாள். எட்டு நாள் பயணம், ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ஒரு நாள் ஆற்று மணலில் ஓட்டுவது, ஒரு நாள் மலையில் தார் போடாத பாதை, இரண்டு ராத்திரி கூடாரம். போவது நான், என் வீட்டுக்காரி இவள், மகள், இவளுடைய தம்பி. பட்டறை வைத்திருக்கும் என் மச்சான்தான் அந்தத் தம்பி. ஜீப்பும் அவனுடையது.

தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாள். எங்கே தங்குவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எல்லாம் எழுதியாகிவிட்டது. "ஓட்டுறவங்க" என்ற கட்டம் மட்டும் எட்டு நாளும் காலி.

முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன், கட்டம் ஏன் காலி?

கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இவர்களை ஒரு தடவைகூடக் கூட்டிப் போனதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே மகளுக்கு இருபத்தாறு வயசாகிவிட்டது. இந்தத் தடவை நான்தான் ஓட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை, என் கையால். எனக்கு வேறு ஆசை இல்லை.

காலைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிய வழியில்லை. இரண்டு மாதமாக வலது உள்ளங்காலில், மடித்த கம்பளி மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது. போன வாரம் செருப்பு ஒன்று கழன்று விழுந்து, பத்தடி தள்ளி வந்த பிறகுதான் தெரிந்தது. தெருவில் ஒரு நாய் மட்டும் பார்த்தது. நாய் சொல்லாது.

மார்ச் 5, வியாழன்

ஜீப்பைக் கொண்டுவந்து நம் தகரக் கொட்டகையில் விட்டிருக்கிறான் மச்சான். பழைய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். எஞ்சின் சத்தம் நன்றாக இருக்கிறது. மச்சானைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. சாதாரணமாக ஒரு நட்டு முடுக்குவதற்குள் மூணு கதை சொல்லுகிற ஆள், இன்று வாயே திறக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"மாமா, மணல்ல ஓட்டியிருக்கீங்களா?"

"எத்தனை மணல் லோடு அடிச்சிருப்பேன்."

"லோடு அடிக்கிறது வேற மாமா. மணல் மேல ஓட்டுறது வேற."

ஏதோ சொல்ல வந்து முழுங்கிவிட்டான். என்ன அது?

மார்ச் 7, சனி

காலையில் பார்த்தால் டயர் தொளதொளவென்று இருக்கிறது. ஒன்றில்லை, நாலும்.

ஆணி ஏறினால் ஒரு டயர் போகும். நாலும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தால் அது கை வேலை. லாரி செட்டில் கோணவாயன் என்று ஒருவன் இருந்தான். லோடு வரிசையில் முன்னால் நிற்கிற வண்டிக்குக் காற்றை இறக்கிவிட்டு, தான் முந்திக்கொள்வான். அவன்கூட ஒரு டயரில்தான் இறக்குவான். கேட்டால், "ரெண்டு எறக்குனா சந்தேகம் வரும்யா" என்பான். திருடனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கூட இல்லாதவன் யார்?

வெளி ஆள் வர முடியாது, கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று மச்சானிடம்.

யாரிடமும் சொல்லவில்லை. பம்பை எடுத்து நாலு டயரிலும் காற்றை ஏற்றினேன். கல்லு மாதிரி. லாரிக்காரன் ஏற்றிய காற்று அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

ஆற்றுக்குப் பழகப் போனோம். தண்ணீர் இல்லாத ஆறு, வெறும் மணல். மச்சான்தான் ஓட்டினான். இருபதடி போவதற்குள் நாலு சக்கரமும் அச்சு வரை புதைந்துவிட்டது. எல்லாரும் இறங்கி மண்வெட்டியால் தோண்டினோம். இவள் சமையல் தட்டை எடுத்து மணலை வாரினாள்.

"என்ன மாமா, எல்லாம் முந்தாநாளே சரி பண்ணிட்டேன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

"பண்ணித்தாம்மா வெச்சேன்" என்றான் மச்சான். டயரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் அக்கரையில் இருந்த மரத்தைப் பார்த்தேன்.

வண்டி வெளியே வந்ததும், "குடுங்க, நான் ஒரு சுத்து ஓட்டுறேன்" என்றேன். மூணு பேரும் ஒரே நேரத்தில் "நேரமாச்சு" என்றார்கள். சொல்லி வைத்த மாதிரி. மணி அப்போது பத்துதான்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடியும் நாலு டயர். மறுபடியும் ஏற்றினேன்.

மார்ச் 11, புதன்

இவள் மூன்று நாளாகக் காலை ஆறு மணிக்கே எங்கேயோ போகிறாள். கேட்டால் "சும்மா நடந்துட்டு வரேன்" என்கிறாள். அதே நேரத்துக்கு மச்சானும் வந்து, "பட்டறையில கொஞ்சம் வேலை இருக்கு மாமா" என்று ஜீப்பை எடுத்துப் போகிறான். ஒன்பது மணிக்கு வண்டி திரும்புகிறது. ஒன்பதே காலுக்கு இவளும் வருகிறாள்.

இன்று பின்பக்கம் நின்று சேலையை உதறினாள். கொசுவத்திலிருந்து மணல் கொட்டியது. போய் எடுத்துப் பார்த்தேன். ஆற்று மணல். வீட்டு மணலுக்கும் ஆற்று மணலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை லோடு அடித்தேன்.

சாயங்காலம் மாடியில் கூடாரத்தைக் கட்டிப் பார்த்தார்கள். மகள் கம்பியை நட்டாள், மச்சான் கயிறு இழுத்தான். நான் ஏறி வரும்போது பேச்சு நின்றது. இறங்கும்போது மறுபடி ஆரம்பித்தது. "அவருக்கிட்ட யாரு சொல்றது?" — இவள் குரல்.

என்கிட்ட என்னத்த சொல்லணும்?

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. ஜீப்பை எடுத்தேன். தெருக்கோடி வரை போய்த் திரும்புவோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போகும்போது ஒன்றுமில்லை. திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, முன்னால் பாய்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும், தச்சர் வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தெருவில் யாரும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம் அது.

மச்சான் பிரேக்கை ஏதோ செய்து வைத்திருக்கிறான். காற்றை இறக்கினவன் இதையும் செய்வான். கொட்டகைக்கு வந்து கீழே படுத்து ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தேன். பிரேக் ஆயில் நிறைய இருக்கிறது. ஒழுகல் இல்லை. கையால் அமுக்கினால் நன்றாகப் பிடிக்கிறது.

ஒரு தடவை கண்ணாடி லோடு ஏற்றிப் போனேன். பின்னால் ஒரு வண்டி விளக்கு, வேகம் கூட்டினாலும் வருகிறது, குறைத்தாலும் வருகிறது. வழிப்பறிக்காரன்தான் என்று நாற்பது கிலோமீட்டர் தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால், கட்டு தளர்ந்து வெளியே நீட்டிய ஒரு கண்ணாடியில் தெரிந்தது என் வண்டி விளக்குதான்.

எதுக்கு இந்தக் கதை இப்போ.

மார்ச் 14, சனி

இவள் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து நானும் கிளம்பினேன். குறுக்கு வழியாக ஆற்றங்கரை வரை நடந்து, பாலத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். கட்டின பெண்டாட்டியை வேவு பார்க்கிற வயசா இது? பார்த்தேன்.

மச்சான் டயர் டயராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றை இறக்குகிறான். ஒளிவு மறைவே இல்லை. இவள் பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தாளே எங்கே — ஸ்டியரிங்குக்கு முன்னாலே. அடியில் நம்ம வீட்டுத் தலையணை. காணோம் காணோம்னு நான் தேடிக்கிட்டிருந்த தலையணை.

ஓட்டுறா. மணல்ல வட்டம் அடிக்கிறா. மேட்டுல ஏறி எறங்குறா. வண்டி பொதையல. தம்பி ஏதோ சொல்றான், இவ சிரிக்கிறா. அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்து எத்தனை வருஷமாச்சு.

என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா? கேட்டாளா ஒரு நாள்?

கேட்டாள். கல்யாணமான புதுசில் ஒரு நாள் கேட்டாள். "ஸ்டியரிங்கு கரண்டி இல்ல" என்றேன். நாலு பேர் இருந்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

என் இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனை நாடகமும். இன்றைக்கு வீட்டுக்கு வரட்டும்.

அதே நாள், மத்தியானம்

கேட்க முடியவில்லை.

நான் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நுழைந்தவள் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். நிலைப்படியிலிருந்து கட்டில் வரை சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. அடிக்கு ஒன்று. அவள் கால் ரத்தம் என்றுதான் நினைத்தேன்.

என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நீளத்துக்கு முள், செருப்பையும் துளைத்து ஏறியிருக்கிறது. பிடுங்கினாள்.

"வலிக்குதா?"

"லேசா."

"பிடுங்கி ரொம்ப நேரமாச்சுங்க. இப்ப நான் சும்மா விரலைத்தான் வெச்சிருக்கேன். அதுவும் வெச்சிருக்கேனா இல்லையான்னு சொல்லுங்க பாப்போம்."

சொல்லத் தெரியவில்லை.

"ரெண்டு மாசமா காலைப் பாத்துப் பாத்துத்தான் செருப்பு போடுறீங்க. படி எறங்குறப்ப செவுத்த பிடிக்கிறீங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? ஊரையே சந்தேகப்படுறீங்க, ஒளிச்சு வெச்சது நீங்க."

"அப்ப நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. சாவியத் தூக்கி இடுப்புல செருகிக்குவீங்க. நாங்க மூணு பேரும் உங்ககூட ஏறித்தான் ஆகணும்."

தச்சர் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னேன், அன்று நான் மிதித்தது பிரேக்கே இல்லை என்பதையும். அதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் தரையைத் துடைத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரம்மா ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். மூணு இடம் சொன்னேன். அதில் இரண்டு, தொடாத இடமாம்.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. "வண்டி இனிமே வேண்டாங்கய்யா" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். வெறுங்காலில் நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், தனியாக ஒரு ஷூ போட வேண்டும்.

மார்ச் 18, புதன்

மச்சான் வந்தான். டயர் சங்கதி பேசித் தீர்த்தோம்.

"மணல்ல காத்தக் கொறைச்சாத்தான் மாமா டயர் பரந்து மேலயே மெதக்கும். கல்லு மாதிரி இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். தெனம் நான் எறக்க, நீங்க ஏத்த, என் கட்டைவிரலே தேஞ்சு போச்சு."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடா?"

"முப்பத்திரண்டு வருஷம் டயரோட வாழ்ந்த மனுசன். உங்ககிட்ட போயி காத்து எவ்வளவு வெக்கணும்னு நான் சொல்றதா?"

எனக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்தே மூணு பேரும் வண்டியை மணலில் புதைத்திருக்கிறார்கள். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

மார்ச் 22, ஞாயிறு

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பின்னால் உட்கார்ந்து, மூட்டையோடு மூட்டையாக நான் எதுக்கு.

மகள் அழுவாள், பயணத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இவள் தண்ணீர்க் கேன்களை எண்ணிக்கொண்டே, "சரி, இருங்க. நாங்க போயிட்டு வரோம்" என்றாள்.

"போயிட்டு வரோம்னா?"

"இத்தனை வருஷம் நீங்க போயிட்டு வந்து கதை சொன்னீங்க, நான் கேட்டேன். இந்தத் தடவை நான் சொல்றேன், நீங்க கேளுங்க."

மார்ச் 23, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். இவளுக்குக் கதை சொல்லத் தெரியாது. முடிவை முதலில் சொல்லிவிடுவாள்.

ஷூ வாங்கப் போனோம்.

ஏப்ரல் 2, வியாழன்

பயணத்தில் ஆறாம் நாள். மலைக்கு மேல், கூடாரத்து வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. மகள் அடுப்பைப் பற்றவைக்கிறாள், அது பற்றுவேனா என்கிறது. மச்சான் ரொம்ப அமைதியாக இருக்கிறான். என்ன விஷயம் என்று அப்புறம் பார்க்க வேண்டும்.

மத்தியானம் ஒரு பாறை மேடு. ஒரு பக்கம் பள்ளம். இவள்தான் ஓட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். முன்னால் வானம்தான் தெரிகிறது, பாதை தெரியவில்லை. "அக்கா, எறங்கு, நான் எடுக்கிறேன்" என்றான் மச்சான். அவள் இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் இறங்கினேன். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டி, அடி அடியாகப் பார்த்து வைத்து, இருபதடி மேலே ஏறித் திரும்பி நின்றேன். கையைத் தூக்கினேன்.

"பள்ளத்தைப் பாக்காத. மச்சானப் பாக்காத. என் கைய மட்டும் பாரு. லெஃப்ட்ல கொஞ்சம் ஒடி... போதும். வரட்டும், வரட்டும்... நேரா... வரட்டும்..."

ஒரு கல்லு, அப்புறம் ஒரு கல்லு. சக்கரம் நான் காட்டின இடத்தில் வந்து வந்து உட்கார்ந்தது. மேலே வந்து நிறுத்தினதும் அவள் தலையணையை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "ஏறுங்க, போலாம்" என்றாள்.

லாரிக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயசு. எடுத்த எடுப்பில் யாரும் ஸ்டியரிங்கைத் தரமாட்டார்கள், கிளீனர் வேலைதான். ரிவர்ஸ் பார்க்க வேண்டும், குறுகின சந்தில் முன்னால் நடந்து கை காட்ட வேண்டும். நான் நல்ல கிளீனர் என்று அந்த டிரைவர் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் கைகால் கழுவிவிட்டு இப்போதே படுத்துவிட்டாள். நாளைக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர், வெயிலுக்கு எதிராக. முன் கண்ணாடி முழுக்கப் புழுதி. காலையில் அவள் எழுந்து வருவதற்குள் துடைத்து வைக்க வேண்டும்.