நான்கு குவாட், ஒரு கூழ்ப்பானை

16 ஜனவரி 2025, வியாழன்

லண்டன் இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு முன்னால் மறுபடியும் வீதியைக் கிண்டுகிறார்கள். பல் டொக்டரிடம் போய் வர அரை நாள்.

இரவுச் சாப்பாட்டில் அறிவிப்பு வந்தது. மருமகன் தவராசாவின் அண்ணன் கல்யாணசுந்தரம் நோர்வேயின் வடக்கில் இருக்கிறார். ஒவ்வொரு பெப்ரவரியும் சகோதரர்கள் இருவரும் உறைந்த ஏரியின் மேல் நாலு சக்கரக் குவாட் பைக் ஓட்டிப் போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். அது அவர்கள் பாடு. இந்த முறை என் மகள் ரூபியும் போகிறாளாம்.

"ஐஸ் உடைஞ்சால்?" என்று ரூபியைப் பார்த்துக் கேட்டேன். தவராசாவும் நானும் நேரே பேசுவதில்லை. மாமிக்கும் மருமகனுக்கும் அது மரியாதை. எங்கள் இருவருக்கும் அது வசதி.

அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே ரூபியிடம் சொன்னார்: "மாமிக்குச் சொல்லும், அண்ணை அங்கை இருவது வருசமா ஓடுறார். இன்னும் உடையேல்லை எண்டு."

இன்னும் உடையவில்லை. இது ஒரு நியாயமா? நானும் இன்னும் சாகவில்லை.

24 ஜனவரி, வெள்ளி

நூலகத்தில் இருந்து, உறைந்த ஏரியில் போகிறவர்களுக்கான விதிமுறைகளை வாசித்தேன். கொன்வென்டில் எங்களுக்குப் பழக்கியது ஒன்று: விதிமுறை என்றால் ஒரு வரியும் தாண்டக்கூடாது.

மனிதர் நடக்கப் போதுமான ஐஸ் குவாட்டுக்குப் போதாது. ஓடை வந்து விழும் இடத்தில் மெல்லிதாக இருக்கும். வண்டிக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி வேண்டும், நிறுத்தும்போதும். மிதக்கும் உடுப்பு. கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகள். விழுந்தவர் அவற்றை ஐஸில் குத்திக்குத்தி மேலே ஏறவேண்டும். எந்த ஏரி, எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

ரூபிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அம்மா, அந்த உடுப்பைப் போட்டால் பலூன் மாதிரி இருப்பன். படத்திலை பாக்கேலாது."

"செத்தவீட்டுப் படத்திலை வடிவாய் இருப்பாய்."

"உங்கடை வாய் இருக்கே, அம்மா." கதவை அடித்துச் சாத்தினாள்.

15 பெப்ரவரி, சனி

விடிய, பெட்டியைப் பூட்டிக்கொண்டே ரூபி சொன்னாள்: "அம்மா, நாங்கள் வெளிக்கிடேக்கை நீங்கள் உள்ளை குசினியிலை நில்லுங்கோ. குறை நினையாதேங்கோ."

முழிவியளம். பயணம் புறப்படுகிறவர் கண்ணில் முதலில் விதவை படக்கூடாதாம். பெற்றவள் என்றாலும் விதவை விதவைதான். பட்டப்படிப்புப் படித்து, ஊபர் அழைத்து, விமானம் ஏறப் போகிறவள் சொல்கிறாள்.

நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வந்து வாசலின் நடுவில் நின்றேன். இருவரும் என்னை உரசிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

"எந்த ஏரிக்குப் போறியள்?" என்றும் கேட்டேன்.

"போற நேரம் எங்கை எண்டு கேக்கிறீங்களே அம்மா." அழாக்குறை. தவராசா பெட்டியைத் தூக்கினார். ஏரியின் பெயரை இருவருமே சொல்லவில்லை.

16 பெப்ரவரி

செய்தி இல்லை. நானும் கேட்கவில்லை.

18 பெப்ரவரி, செவ்வாய்

மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம். காற்றுக்கு மறைப்பாக நான்கு குவாட்களை மூக்கோடு மூக்கு வைத்து வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் காஸ் அடுப்பு, அதன் மேல் பெரிய பானையில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். பிடித்த மீனை அதிலேயே போட்டார்களாம். சுற்றிவர, அங்கே வந்து சேர்ந்த உறவினர் அத்தனை பேரும் தோளோடு தோள், கையில் கோப்பையுடன். கூழ் என்றால் கூடி நின்றுதான் குடிப்போம், சரி. அது நிலத்தின் மேல்.

படத்தைப் பெரிதாக்கினேன். மீன் துளைகளிலிருந்து தண்ணீர் மேலே வந்து, டயர்களைச் சுற்றிச் சாம்பல் நிறமாகப் பரவியிருந்தது. பாரத்தில் ஐஸ் அமிழ்கிறது. ஒருவருடைய கண்ணிலும் அது படவில்லை. எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ரூபிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. தவராசாவின் நம்பரை அழுத்தினேன்.

"மாமி?"

"தவராசா, நான் சொல்லுறதைக் கேளும். ரூபியைக் கரைப்பக்கம் நடக்கச் சொல்லும். இப்ப. எல்லாரும் விலத்தி விலத்திப் போகோணும். வண்டியிலை ஒருத்தரும் ஏறக்கூடாது. டயருக்குக் கீழை தண்ணி நிக்குது, பாரும்."

பின்னால் கல்யாணசுந்தரத்தின் குரல்: "லண்டனிலை இருந்து ஐஸுக்கு ஓடர் போடுறா. மாமிக்கும் ஒரு கோப்பை ஊத்தி வையுங்கோ." சிரிப்பு.

"சிரிக்கிறவை சிரிக்கட்டும். என்ரை பிள்ளையை அங்காலை அனுப்பும்."

தவராசா ரூபியைக் கூப்பிட்டது கேட்டது: "ரூபி, கோப்பையை வையும். நடவும். பின்னாலை வாறன், கிட்ட வராதேயும்." அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

எடுக்கினம் இல்லை. ரெண்டு பேரும் எடுக்கினம் இல்லை. எடு பிள்ளை. ஏரியின்ரை பேர் கூடத் தெரியாமல் நான் ஆருக்கு அடிக்கிறது — எந்தப் பொலிசுக்கு? எடு.

அதே நாள், பின்னேரம்

ரூபி பேசினாள். எல்லாரும் இருக்கிறார்கள்.

மற்றவர்கள் பகிடி பண்ணிக்கொண்டு, ஆனாலும் பின்னால் நடந்திருக்கிறார்கள். கல்யாணசுந்தரம் மட்டும் பானையைத் தூக்கி வண்டியில் வைத்து, ஏறி ஸ்டார்ட் பண்ணினாராம். குவாட் பின்பக்கமாக இறங்கி மறைந்தது. அவர் கழுத்தளவு தண்ணீரில். ஆணிப்பிடி வீட்டு மேசையில். தவராசா குப்புறப் படுத்து ஊர்ந்து போய், இழுவைக் கயிற்றை வீசி இழுத்திருக்கிறார். அண்ணன் இப்போது ஆசுபத்திரியில், பயமில்லை.

எழுத்து கோணல். பரவாயில்லை.

22 பெப்ரவரி, சனி

திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் கதை வந்துவிட்டது. கல்யாணசுந்தரத்தின் மனைவி எல்லாருக்கும் ஃபோன் அடித்திருக்கிறாள்: வெளிக்கிடேக்கை முன்னுக்கு வந்து நிண்டவவாம், எங்கை எண்டும் கேட்டவவாம், செத்தவீடு எண்டும் சொன்னவவாம், பிறகு நடக்காமல் என்ன செய்யும்.

செத்தவீடு என்று நான் சொன்னது ரூபி ஒருத்திக்குத்தான். ஆக, அதை அங்கே கொண்டுபோய்ச் சொன்னது யார்?

தேத்தண்ணி வைத்துக்கொண்டு நிற்கும்போது வந்தாள். "ஏனம்மா வாசலிலை வந்து நிண்டனீங்கள்?"

உயிரோடு என் முன்னால் நின்றுகொண்டு கேட்கிறாள். தேத்தண்ணியை அவளுக்குக் கொடுக்காமல் தொட்டியில் ஊற்றினேன்.

2 மார்ச், ஞாயிறு

மாடிப்படியில் இறங்கும்போது முன்னறையில் தவராசா அண்ணனோடு ஃபோனில்.

"அண்ணை, அவ வாசலிலை நிண்டு ஐஸ் உடையேல்லை. நாங்கள் நாலு வண்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டதாலை உடைஞ்சது. … இல்லை. அண்ணியிட்டையும் இதைத்தான் சொல்லுவன். … அப்ப எங்கடை வீட்டுக்கு வராதேங்கோ."

திரும்பியவர் என்னைக் கண்டார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் அதற்காகக் காத்து நிற்கவில்லை. குடித்த கோப்பையைக் கழுவாமல் கராஜுக்குப் போய்விட்டார். ரூபி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

14 பெப்ரவரி 2026, சனி

இந்த வருடமும் போகிறார்கள். ஏரியின் பெயரை ரூபி தானாகவே சொன்னாள், பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி, முகத்தைக் காட்டாமல்.

17 பெப்ரவரி, செவ்வாய்

தவராசாவிடமிருந்து ஒரு படம். குடும்பக் குழுவுக்கு அல்ல, எனக்கு மட்டும். ஐஸில் போட்ட துளை, உள்ளே அளவுகோல். "மாமி, இருவது சென்ரிமீற்றர். குவாட் கொண்டு போகலாமோ?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாதிக்கு மேல் வெள்ளை ஐஸ். பனி விழுந்து ஊறி இறுகினது. அதற்கு அரைப் பலம்தான்.

"வேண்டாம். நடவுங்கோ" என்று எழுதினேன்.

"அண்ணை கோவிக்கிறார்."

"கோவிக்கட்டும்."

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம். குவாட்கள் கரையில் நிற்கின்றன. ஏரியின் மேல் தூரத்தில் ஆட்கள், ஒருவருக்கொருவர் வெகு தள்ளி, கறுப்புப் புள்ளிகளாக. எது ரூபி என்று தெரியவில்லை. படத்தின் கால்வாசியை அவருடைய விரல் மறைத்திருந்தது. அதையும் எழுதி அனுப்பினேன்.